அனுப்பிய மடல் திரும்பி வருவது ஏன்?

கேள்வி: சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கும் பட்டறை நடத்துகிறோம். எங்கள் டொமைன் முகவரியிலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் விலைப்பட்டியல்கள் திரும்பி வருகின்றன. அவர்கள் எழுதுவது எங்களுக்கு வருகிறது. ஆனால் அங்கிருந்து என் ஜிமெயிலுக்குத் தானாக ஃபார்வர்ட் ஆவதில்லை. கும்பகோணத்தில் இணையதளம் அமைத்துக் கொடுத்தவர், சர்வர் பிளாக்லிஸ்ட் ஆகிவிட்டது என்கிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகர், சுவாமிமலை

பதில்: திரும்பி வந்த மடலில் 550 அல்லது 554 என்ற எண்ணுள்ள வரியைப் பாருங்கள்; எந்த ஐபி (இணையத்தில் சர்வரின் எண் முகவரி), எந்தத் தடைப் பட்டியலில் (பிளாக்லிஸ்ட்) இருக்கிறது என்பது பெரும்பாலும் அங்கேயே இருக்கும். 1998இல் தொடங்கிய ஸ்பாம்ஹாஸ் போன்ற அமைப்புகள், ஸ்பேம் அனுப்பும் ஐபி முகவரிகளைத் தொகுத்து வைத்திருக்கின்றன. உங்கள் சர்வர் தொடர்பு கொண்டதும், எதிர்முனை சர்வர் அதன் ஐபியைத் தலைகீழாகத் திருப்பி, அதாவது 192.0.2.25 என்பதை 25.2.0.192 என்றாக்கி, டிஎன்எஸ் (இணையப் பெயர்களுக்குரிய முகவரியைத் தேடித்தரும் அமைப்பு) வழியாக அந்தப் பட்டியலில் தேடும், ‘பட்டியலில் உண்டு’ என்று பொருள்படும் 127.0.0.2 போன்ற பதில் வந்தால் மடலை வாங்க மறுத்துவிடும்.

மடலைக் கொண்டுவரும் சர்வருக்கு மட்டுமே இந்தச் சோதனை என்பதால், உங்களுக்கு வருபவை தடைபடுவதில்லை. பதில் கிடைக்காத வாடிக்கையாளர்கள் உங்களுக்கு அக்கறை இல்லை என்று எண்ணிவிடக்கூடும். வேறு முகவரியிலிருந்து அவர்களுக்கு இன்றே எழுதிவிடுங்கள்.

எனக்குப் பெரிய கவலை ஃபார்வர்ட் பற்றித்தான். மடலை எழுதியவர் யாராயினும், ஜிமெயிலிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது உங்கள் சர்வர். ஆகவே உங்கள் பெட்டிக்கு வரும் ஸ்பேமும் அப்படியே ஃபார்வர்ட் ஆகும்போது, அது உங்கள் சர்வரின் கணக்கில் சேர்ந்து அதன் பெயரை இன்னும் கெடுக்கிறது. போதாக்குறைக்கு, எழுதியவருடைய டொமைனின் எஸ்பிஎஃப் பதிவில் (அந்த டொமைன் பெயரில் மடல் அனுப்ப உரிமையுள்ள சர்வர்களின் பட்டியல்) உங்கள் ஐபி இருக்காது என்பதால், எஸ்ஆர்எஸ் முறையில் அனுப்புநர் முகவரியை மாற்றி எழுதாவிட்டால் அந்தச் சோதனையிலும் மடல் தோற்றுப்போகும். டிகேஐஎம் எனும், அனுப்பும் டொமைன் மடலில் இடும் மின்னணுக் கையொப்பம் ஒன்றுதான், உள்ளடக்கம் மாறாதவரை செல்லுபடியாகும். எனவே முதலில் ஃபார்வர்டை நிறுத்திவிட்டு, அதே பெட்டியை ஐமேப் (மடல்களைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) வழியாகக் கைபேசியில் சேர்த்துப் படியுங்கள்.

அடுத்து, கடவுச்சொற்களை மாற்றி, இணையதளத்தின் தொடர்புப் படிவம் வழியாக யாரேனும் ஸ்பேம் அனுப்புகிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். காரணத்தைச் சரிசெய்த பிறகே பட்டியலிலிருந்து நீக்க விண்ணப்பம்; இல்லையெனில் மீண்டும் சேர்த்துவிடுவார்கள். ஸ்பாம்ஹாஸ் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. ஒரே ஐபியைப் பலர் பகிரும் ஹோஸ்டிங்கில் தவறு வேறொரு தளத்தினுடையதாகவும் இருக்கலாம். அப்படியானால் உங்களுக்கெனத் தனி ஐபி கேட்டு வாங்குங்கள்.