பழைய ஹிந்தி நகைச்சுவைப் படத்தை இன்றைய ரசிகர்களுக்காக மறுபடி எடுத்தால் எடுபடுமா? எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

எடுபடும். ஆனால் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று பட்டியல் கேட்கிறீர்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. காட்சிகளை வரிசையாக எழுதி வைத்து, இது இருக்கட்டும் இது போகட்டும் என்று உட்கார்ந்தால் ரீமேக் அங்கேயே படுத்துவிடும். அந்தப் பழைய கதையில் நாயகன் ஒரு பொய் சொல்கிறான் என்றால், எதற்குப் பயந்து சொல்கிறான்? அந்தப் பயம் இன்றைக்கு எந்த ரூபத்தில் நம் வீடுகளில் இருக்கிறது? இதற்குப் பதில் கிடைத்தால் தைரியமாக எடுங்கள். கிடைக்காவிட்டால் பழைய படத்தையே இன்னொரு தரம் போட்டுப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம், ஒரு குறையும் இல்லை.

கேள்வியைப் பார்த்தால் குறும்படமோ கல்லூரி நாடகமோ எழுதுகிறவர் மாதிரி தெரிகிறது. நான் சினிமாக்காரன் இல்லை. மும்பைக்குப் பக்கத்தில் தானே நகரத்தில் குடியிருக்கிறேன், ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. ஆனால் ஹிரிஷிகேஷ் முகர்ஜியின் 'கோல்மால்' கதையை இன்றைய காலத்துக்கு மாற்றி எங்கள் சொசைட்டி (அடுக்குமாடிக் குடியிருப்பு) கணேஷோத்சவத்தில், அதாவது விநாயகர் சதுர்த்தி விழாவில், மேடையேற்றியிருக்கிறோம். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1979-ல் வந்தது. ரோஹித் ஷெட்டி 2006-ல் ஆரம்பித்த அதே பெயர் வரிசைக்கும் இதற்கும் கதையில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அமோல் பாலேகர்தான் ராம்பிரசாத். சி.ஏ. முடித்தவன், அப்பா அம்மா இல்லை, ஒரு தங்கை. உத்பல் தத் நடித்த பவானி சங்கர், ஊர்மிளா டிரேடர்ஸ் முதலாளி. மீசை இல்லாத ஆணை நம்பமாட்டார். விளையாட்டு, சினிமா என்று பேசும் இளைஞனை உள்ளேயே விடமாட்டார். ராம் குட்டையான குர்தா போட்டுக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போகிறான். ஏன் குட்டை என்று கேட்டால், நீளத்தைக் குறைத்தால் தேசத்துக்குத் துணி மிச்சம் என்கிறான். வேலை கிடைத்துவிடுகிறது. அப்புறம் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று லீவு சொல்லிவிட்டு ஹாக்கி மேட்ச் பார்க்கப் போகிறான். அதே மேட்சுக்கு முதலாளியும் வந்திருக்கிறார். மாட்டிக்கொண்டதும், அது நானில்லை, என் இரட்டைத் தம்பி லக்ஷ்மண்பிரசாத், அவனுக்கு மீசை கிடையாது என்று ஒரு பொய். அப்புறம் தம்பியாகப் போகும்போது மீசை இல்லை, ராமாகப் போகும்போது ஒட்டு மீசை. அதிலிருந்து மீதிப் படம்.

இதைத்தான் கே. பாலசந்தர் 1981-ல் 'தில்லுமுல்லு' என்று எடுத்தார். ரஜினி மீசை எடுத்த படம், விசு வசனம், முதலாளியாகத் தேங்காய் சீனிவாசன். அதையே 2013-ல் பத்ரி இயக்கத்தில் சிவா, பிரகாஷ்ராஜை வைத்து மறுபடி எடுத்தார்கள். எம்.எஸ்.வி.யும் யுவனும் சேர்ந்து இசை. 1981-ன் வசனங்களை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். 2013-க்கு அப்படி ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

எல்லோருக்கும் மீசைதான் ஞாபகம் இருக்கிறது. மீசைக்குப் பின்னால் இருக்கும் காலத்தைப் பாருங்கள். படித்து முடித்துவிட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு பண்ணி, கார்டைப் புதுப்பித்துக்கொண்டே வருஷக்கணக்கில் காத்திருந்த தலைமுறை அது. கைக்கு வந்த ஒரு வேலை போனால் அடுத்தது எப்போது என்று தெரியாது. அதனால்தான் அந்த ஒட்டு மீசை லேசாக நழுவும்போதெல்லாம் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது, சிரிப்பும் வருகிறது. அந்தக் கலக்கத்தை எடுத்துவிட்டு மீசையை மட்டும் வைத்துக்கொண்டால் மாறுவேடப் போட்டிதான் மிஞ்சும்.

எங்கள் சொசைட்டிப் பிள்ளைகளிடம் கதையைச் சொன்னபோது ஒரு பெண் உடனே சொன்னாள்: "காகா (மராத்தியில் சித்தப்பா), இது இப்போ நடக்காது. ஆளோட போட்டோ லிங்க்ட்இன்ல இருக்கும். ரெட்டைன்னு சொன்னா எச்.ஆர். ரெண்டு பேரோட ஆதாரும் கேட்பாங்க." நியாயமான பேச்சு. நான் வாதாடவில்லை. சரி, ஆபீஸில் நீங்கள் எதை மறைக்கிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் ஐ.டி.யில் வேலை பார்க்கும் ஒரு பையன், சனி ஞாயிறுகளில் கல்யாண வீடியோ எடிட் பண்ணிக் காசு பார்ப்பதாகவும், அது மேனேஜருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்றும் சொன்னான். 2022-ல் ஒரு பெரிய ஐ.டி. நிறுவனம் இந்த மாதிரி இன்னொரு இடத்திலும் வேலை பார்த்தவர்கள் என்று 300 பேரை அனுப்பிய செய்தி வந்ததே, அதை அந்த மேஜையில் இருந்த எல்லோரும் வரிக்கு வரி சொன்னார்கள். அன்றைக்கே எங்களுக்கு ராம்பிரசாத் கிடைத்துவிட்டான்.

எங்கள் ராம் பகலில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறான், ராத்திரியில் கல்யாண வரவேற்புகளில் பாடுகிறான். முதலாளி ஒரு ஸ்டார்ட்அப் நிறுவனர். ஊழியன் கனவில்கூடக் கம்பெனியைத்தான் பார்க்க வேண்டும், காலை நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று தினமும் பதிவு போடுகிறவர். ஒரு வரவேற்பில் இவன் பாடுவதை நேரிலேயே பார்த்துவிடுகிறார். மறுநாள் கேட்டால், "சார், அது என் ரெட்டை அண்ணன்." மீசைக்குப் பதில் வீடியோ கால் வந்துவிட்டது. தம்பி பேசும்போது மேல் பட்டன் வரை போட்ட சட்டை, பின்னால் விவேகானந்தர் படம். அண்ணன் பேசும்போது தலை கலைந்திருக்கும், பின்னால் ஒரு கிதார். இரண்டு பேரையும் ஒரே காலில் பார்க்க வேண்டும் என்று முதலாளி சொன்னதும், இரண்டு லேப்டாப்புக்கும் நடுவில் சட்டையை மாட்டிக் கழற்றிக்கொண்டு அவன் ஓடிய ஓட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று கத்தியது. இதைப் பெருமைக்காகவே சொல்கிறேன், பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

ஒத்திகை எங்கள் கட்டடத்துக்குக் கீழே, தூண்களுக்கு நடுவில் கார் நிறுத்தும் இடத்தில் நடந்தது. ராம் வேஷம் போட்ட பையன் நல்ல கெட்டிக்காரன். ஆனால் ஒவ்வொரு பொய்யும் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்து லேசாகச் சிரிப்பான். நான் எவ்வளவு சமர்த்து பார்த்தீர்களா என்கிற மாதிரி. ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டு லோன் உன் பேர்ல இருக்கு. இந்த வேலை போனா அடுத்த மாசம் இ.எம்.ஐ. பவுன்ஸ் ஆகும், பேங்க்லேர்ந்து அப்பாவுக்கு போன் வரும். அதை நினைச்சுக்கிட்டுச் சொல்லு" என்றேன். திரும்பப் போய் அதே வசனத்தைச் சொன்னான். எச்சில் விழுங்கினான், சட்டைப் பட்டனைத் தடவினான், சிரிக்கவே இல்லை. ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அமோல் பாலேகரைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், படம் முழுக்க அவர் தான் நகைச்சுவை பண்ணுவதாகக் காட்டிக்கொள்ளவே மாட்டார். உத்பல் தத்தும் அப்படித்தான். பவானி சங்கருக்குத் தன் கொள்கை விளையாட்டில்லை. பாலேகருக்குச் சிறந்த நடிகர், தத்துக்குச் சிறந்த நகைச்சுவை நடிகர் என்று ஃபிலிம்ஃபேர் விருது போனது சும்மா இல்லை.

பழைய படத்தில் தீனா பாட்டக் செய்த போலி அம்மா வேஷத்தை எங்களுக்குப் பக்கத்து ஃபிளாட் காகூ (மராத்தியில் சித்தி) செய்தார். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர், அதுவரை மேடை ஏறியதில்லை. "ரெண்டு பேர்ல யாரும்மா மூத்தவன்?" என்று முதலாளி வீடியோ காலில் கேட்கிறார். காகூவுக்கு எழுதிக் கொடுத்த வசனம் மறந்துவிட்டது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேமராவுக்குக் கிட்டே வந்து, "எனக்கெப்படித் தெரியும், நான் மயக்க மருந்துல இருந்தேன்" என்றார். அதை நான் எழுதவில்லை, எழுதியிருக்கவும் முடியாது.

இனி, வரப்போகும் எதிர்ப்புகளுக்குப் பதில். "தில்லுமுல்லுவே ரீமேக்தானே, அதை மட்டும் ஏன் கொண்டாடுகிறீர்கள்" என்பார்கள். ரீமேக்கே கூடாது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. பழசு எல்லாம் உசத்தி என்றும் சொல்லவில்லை. கோல்மாலில் முதலாளியின் மகள் ஊர்மிளாவுக்கு யாரைக் கட்டிக்கொள்வது என்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. எங்கள் நாடகத்தில் பொய்யை முதலில் கண்டுபிடிப்பதே அவள்தான். கண்டுபிடித்த பிறகு அவனுக்குப் பாட்டுக் கச்சேரி பிடித்துக் கொடுத்துக் கமிஷனும் வாங்குகிறாள். அந்த மாதிரி மாற்றங்களை யார் வேண்டாம் என்றது?

"போல் பச்சன் நூறு கோடி தாண்டியதே" என்பார்கள். தாண்டியது, மறுக்கவில்லை. 2012-ல் ரோஹித் ஷெட்டி எடுத்த அந்தப் படமும் கோல்மாலிலிருந்து கிளைத்ததுதான். அதில் எனக்கு நிஜமான வருத்தம் உண்டு. ஒரு முஸ்லிம் பையன், தண்ணீரில் விழுந்த குழந்தையைக் காப்பாற்ற, பூட்டியிருந்த கோயிலின் பூட்டை உடைக்கிறான். ஊர் கூடிவிடுகிறது. அந்தப் பயத்தில் அப்பாஸ் என்ற பெயரை மறைத்து அபிஷேக் ஆகிறான். 1979-ன் வேலையில்லாப் பயத்துக்கு இணையாக, ஏன் அதற்கு மேலேயே, இன்றைக்கு ஒரு பயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்! கண்டுபிடித்தவர்கள் அதில் நிற்கவில்லை. அடுத்த ரீலிலிருந்து கார் பறக்கிறது, அஜய் தேவ்கன் தப்பு இங்கிலீஷ் பேசுகிறார், அபிஷேக் பச்சனின் இரண்டாவது வேஷம் கதக் சொல்லிக் கொடுக்கும் நளினமான ஆண் என்பதே சிரிப்பாகிவிடுகிறது. கையில் கிடைத்ததை வீசி எறிந்துவிட்டார்கள்.

'சஷ்மே பத்தூர்' கதை இன்னும் கொடுமை. சாய் பராஞ்ச்பே 1981-ல் எடுத்தது. டெல்லியில் ஒரு வாடகை அறை, மூன்று மாணவர்கள், பெட்டிக்கடை லல்லன் மியானிடம் ஏறிக்கொண்டே போகும் சிகரெட் பாக்கி. தீப்தி நவல் சோப்புப் பவுடர் விற்க ஃபரூக் ஷேக்கின் வீட்டுக் கதவைத் தட்டும் காட்சியில் பெரிதாக ஒன்றுமே நடக்காது, ஒரு வாளி, கொஞ்சம் நுரை, இரண்டு பேரின் கூச்சம், அவ்வளவுதான். 2013-ல் டேவிட் தவான் அதைக் கோவாவுக்குத் தூக்கிக்கொண்டு போய் இரட்டை அர்த்த வசனங்களாக நிரப்பினார். ஏப்ரல் 5 அன்று அதுவும், புதுப்பிக்கப்பட்ட பழைய பிரதியும் ஒரே நாளில் தியேட்டருக்கு வந்தன. இரண்டையும் பார்க்கிற வாய்ப்பு இருந்தது. நான் பழையதற்குப் போனேன், போனதில் சந்தோஷம்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கொசுறு: 2020-ல் வந்து எல்லோரும் திட்டிய 'கூலி நம்பர் 1', அதே டேவிட் தவானின் 1995 படத்தின் மறுபதிப்பு. அந்த 1995 படமோ நம் பிரபு நடித்த 'சின்ன மாப்ளே'யின் ரீமேக். மும்பையில் இதைச் சொன்னால் நம்பவே மாட்டார்கள்.

பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். எங்கள் நாடகம் முடிய இரண்டு காட்சி இருக்கும்போது கமிட்டி ஆட்கள் மேடைக்குப் பக்கத்தில் வந்து கையை ஆட்டினார்கள். ஸ்பான்சர் பில்டரின் விளம்பரப் படம் போட வேண்டுமாம், அதற்கப்புறம் லக்கி ட்ரா. பத்து மணிக்கு ஸ்பீக்கரை அணைக்க வேண்டும் என்பது சட்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரே சினிமாப் பாட்டுக்கு மூன்று குழுக்கள் ஆடியபோது யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லையே? மாதக்கணக்கில் ஆபீஸ் விட்டு வந்து ஒத்திகை பார்த்த பிள்ளைகள், மிக்ஸிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் சீட்டு எடுப்பதற்காகக் கடைசிக் காட்சியை அரைகுறையாக ஓட்டி முடித்தார்கள். அந்தக் காட்சி எனக்கு முக்கியம். கோல்மாலின் கடைசியில் பவானி சங்கரே மீசையை எடுத்துவிட்டுக் குடும்பப் போட்டோவில் நிற்பார். மாறுகிறவர் அவர்தான், பையன் இல்லை. எங்கள் முதலாளி வரவேற்பில் இவனை எப்படிப் பார்த்தார்? அவரும் மீட்டிங் என்று பொய் சொல்லிவிட்டுத்தான் பாட்டுக் கேட்க வந்திருந்தார். அதை அவர் தன் வாயால் ஒத்துக்கொள்ளும் இடம் பாதிப் பேர் காதில் விழவே இல்லை, மைக்கில் லக்கி ட்ரா நம்பர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். யாருக்கும் கோபம் வேண்டாம், ஆனால் இதை நான் மறக்கப் போவதில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உரிமை வாங்காமல் காட்சிகளை அப்படியே எடுத்து யூட்யூபில் போடாதீர்கள், தூக்கிவிடுவார்கள். பொய்க்கான காரணத்தை உங்கள் வயதுக்காரர்களிடம் கேட்டு வாங்குங்கள், அதோடு கதையும் உங்களுடையதாக ஆகிவிடும். நாயகனைத் தேடுவதற்கு முன் முதலாளி வேஷத்துக்கு ஆள் பிடியுங்கள். சிரிக்க வைக்கத் தெரிந்தவர் வேண்டாம், நிஜமாகவே யாராவது மரியாதைக் குறைவாகப் பேசினால் முகம் சிவக்கிறவராகப் பாருங்கள். எங்கள் பிரதி ஹிந்தியும் மராத்தியும் கலந்தது. முதலாளியும் அம்மாவும் பேசும் வீடியோ கால் காட்சியை மட்டும் தமிழில் எழுதித் தர முடியும், வேண்டுமென்றால் கருத்தில் சொல்லுங்கள்.