இடது கைக்கு என்ன வேலை?

அன்புள்ள ஐயா,

ரைஃபிள் கிளப் ஒன்றில் ஏர் பிஸ்டல் பழகுகிறேன். சின்ன வயதிலிருந்தே கௌபாய் காமிக்ஸ் பைத்தியம். அமெரிக்க மேற்கின் துப்பாக்கி வீரர்கள் இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் சுடுவார்களாமே? அங்கே கொள்ளைக்காரராகப் பேர்பெற்ற பில்லி த கிட் இடது கைக்காரர் என்றும் படித்தேன். நானும் இடது கையால் பழகிப் பார்த்தேன், பயிற்சியாளர் திட்டுகிறார். அவர்கள் எப்படிப் பழகினார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பயிற்சியாளர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் நான் தலையிட மாட்டேன். பில்லி இடது கைக்காரர் இல்லை. அந்தப் பேச்சு அவருடைய ஒரு புகைப்படத்தால் வந்தது. அந்தக் காலத்துத் தகரத்தட்டுப் புகைப்படத்தில் உருவம் இடம்வலம் மாறித்தான் விழும். அவர் பிடித்திருக்கும் 1873 மாடல் வின்செஸ்டர் ரைஃபிளில் தோட்டா நுழைக்கும் வாய் வலப்பக்கம் உண்டு. படத்தில் அது இடப்பக்கம் தெரிகிறது. அவ்வளவுதான்.

இரட்டைத் துப்பாக்கிதான் எனக்கு எரிச்சல். தம்பி, ஒரே நேரத்தில் இரண்டு இலக்கைக் குறிபார்க்க உங்களுக்கு எத்தனை ஜோடிக் கண்? பேர்பெற்ற துப்பாக்கி வீரர் வைல்ட் பில் ஹிக்காக் தந்தப் பிடி போட்ட இரண்டு கோல்ட் நேவி ரிவால்வர்களோடு திரிந்தார், உண்மை. ஆனால் 1865-ல் மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டில், சுமார் 75 கஜத்துக்கு அப்பால் நின்ற எதிராளி டேவிஸ் டட்டை அவர் சாய்த்தது ஒரே குண்டில்.

பிறகு இரண்டாவது எதற்கு? அந்த ரிவால்வரை நிரப்பும் வேலையை யோசியுங்கள். சிலிண்டரின் ஒவ்வொரு அறையிலும் வெடிமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டை வைத்து, குழலுக்கு அடியிலுள்ள நெம்புகோலால் இறுக்கி, பின்னால் கேப் என்ற தீமூட்டும் சின்ன மூடியை மாட்ட வேண்டும். இப்படி ஆறு அறை. எதிராளி காத்திருப்பானா? முதலாவது தீர்ந்தால் எடுக்கத்தான் இரண்டாவது. 1873-ல் உலோகத் தோட்டா போடும் கோல்ட் ரிவால்வர் வந்த பிறகும் நிரப்பும் வாய் வலப்பக்கம்தான். வலது கைக்காரர் துப்பாக்கியை இடது கைக்கு மாற்றி, காலித் தோட்டாக்களை ஒவ்வொன்றாக வலது கையால் தள்ளி, புதியதைப் போட வேண்டும். சிலிண்டரைத் திருப்பிக்கொடுப்பது இடது கட்டைவிரல். இடது கையின் அன்றாட வேலை இதுதான். இதை எந்த காமிக்ஸ் அட்டையில் வரைவார்கள்?

என் அப்பா தையற்காரர். ஒருமுறை சைக்கிளிலிருந்து விழுந்து இடது முழங்கை முறிந்துவிட்டது. பார்க்க வந்தவர்களெல்லாம் "நல்லவேளை, வலது கை தப்பிச்சுது" என்றார்கள். அப்பா பதில் சொல்லவில்லை. துணியை ஊசிக்கு அடியில் நகர்த்திக் கொடுப்பது இடது கை என்று அவருக்குத் தெரியும். பள்ளி விட்டு வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் துணியைப் பிடிப்பேன். தையல் கோணும், தலையில் குட்டு விழும். குட்டிய பிறகு தேநீரில் பாதியை எனக்கு ஊற்றித் தருவார்.

அதனால்தான் அமெரிக்க மேற்கில் சட்டக் காவலர்களாக இருந்த ஏர்ப் சகோதரர்களில் எனக்கு வர்ஜிலைப் பிடிக்கும், வயட்டை அல்ல. 1881 அக்டோபர் 26, டூம்ஸ்டோன் ஊரில் அவர்கள் போட்ட ஓ.கே. காரல் துப்பாக்கிச் சண்டை. கையில் இருந்த கைத்தடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையால் சுட்டதாக வர்ஜிலே விசாரணையில் சொன்னார். இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 28 இரவு, டூம்ஸ்டோன் தெருவில் மறைந்திருந்து அவரை ஷாட்கன்னால் சுட்டார்கள். இடது மேற்கை எலும்பு நொறுங்கியது. மருத்துவர் குட்ஃபெலோ நொறுங்கிய பகுதியை எடுத்துவிட்டார். கை உடம்போடு இருந்தது, உபயோகம் இல்லை. அந்த மனிதர்தான் 1887-ல் கலிஃபோர்னியாவின் கோல்ட்டன் நகர மார்ஷல், அதாவது காவல் அதிகாரி, ஆனார். 1905-ல் நெவாடாவின் கோல்ட்ஃபீல்டில் நிமோனியாவில் சாகும்போதும் துணை ஷெரிஃப்.

இடது கையால் சுடுவது கிடக்கட்டும். உங்கள் ஏர் பிஸ்டலில் ஒரு பெல்லட்டை வலது கையால் மட்டும் போட முடிகிறதா என்று பாருங்கள். பயிற்சியாளரிடம் கேட்டுவிட்டு.