கொரோனா நேரத்துல அமெரிக்க அரசு விவசாயிங்களுக்கு குடுத்த பணம் சின்ன விவசாயிக்கு போய் சேர்ந்துச்சா?

சேர்ந்துச்சு. ஆனா யாருக்கு நஷ்டம் அதிகமோ அவங்களுக்குன்னு சொல்ல முடியாது, யார் பேர்ல மாடு பன்னி அதிகமா இருந்துச்சோ அவங்களுக்கு தான் அதிகம் போச்சு. நான் அமெரிக்காவோட அயோவா மாநிலத்துல ஒரு கிராமத்து கவுண்டில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) விவசாயிங்களுக்கு டாக்ஸ் கணக்கு போடுற ஆஃபீஸ்ல வேலை பாக்குறேன், 2020ல எங்ககிட்ட வந்தவங்க முக்கால்வாசி பேர் இதுக்கு அப்ளை பண்ணவங்க தான்.

திட்டத்துக்கு பேரு சி-ஃபேப் (CFAP), அதாவது கொரோனா வைரஸ் உணவு உதவித் திட்டம். 2020 ஏப்ரல் 17ல அறிவிச்சாங்க, விவசாயி கைக்கு நேரா 1,600 கோடி டாலர், மே 26ல இருந்து அப்ளிகேஷன். வேகமா குடுத்தாங்க, அத ஒத்துக்கணும். முதல்ல 80 சதவீதம், மீதி ஆகஸ்ட்ல. விவசாயத் துறையோட கவுண்டி ஆஃபீஸ் (எஃப்எஸ்ஏ) கதவு மூடியிருந்துச்சு, எல்லாம் ஃபோன்லயும் மெயில்லயும் தான், விவசாயி இத்தனை வித்தேன் இத்தனை கையில இருக்குன்னு கையெழுத்து போட்டா போதும், ஆனா பின்னாடி கேட்டா ஆதாரம் காட்டணும். ஒரு பெரியவர் சட்டைப் பையில இருந்து குட்டி நோட்டு ஒண்ணு எடுத்தார், மாட்டோட காது டேக் நம்பர், எடை, வித்த தேதி எல்லாம் பென்சில்ல வரிசையா எழுதி வச்சிருந்தார், அத பாத்து தான் ஃபார்ம ஃபில் பண்ணோம்.

அந்த தேதில தான் எல்லாமே இருந்துச்சு. ஜனவரி 15ல இருந்து ஏப்ரல் 15க்குள்ள கறிக்கு கொழுக்க வச்ச மாட்ட வித்திருந்தா தலைக்கு 214 டாலர். ஏப்ரல் 16க்கு அப்புறம் கையில நின்ன மாட்டுக்கு 33 டாலர் தான். ஆனா இறைச்சி பிளாண்டுங்க வரிசையா மூட ஆரம்பிச்சதே ஏப்ரல் நடுவுல தானே, பக்கத்து மாநிலத்துல சூ ஃபால்ஸ் ஊர்ல பெரிய பன்னி பிளாண்டே கொரோனா பரவி மூடிட்டாங்க. மார்ச்ல 30 மாடு வித்தவருக்கு 6,420 டாலர், வாங்க ஆள் இல்லாம அதே 30 மாட்டுக்கு தீனி போட்டுட்டு இருந்த பக்கத்து பண்ணைக்காரருக்கு 990. எனக்கு இன்னிக்கும் இத ஏத்துக்க முடியல. செப்டம்பர்ல ரெண்டாவது ரவுண்ட்ல மாட்டுக்கு 55 டாலர் குடுத்தாங்க, அப்பவும் அந்த இடைவெளி அடையல.

உச்சவரம்பு இருந்துச்சு, ஒரு ஆளுக்கு 2,50,000 டாலர், கம்பெனியா பதிவு பண்ணி மூணு பங்குதாரர் இருந்தா 7,50,000 வரைக்கும். சின்ன பண்ணைக்கு இந்த வரம்பெல்லாம் கண்ணுல கூட படாது.

என்னை ரொம்ப பாதிச்சது கான்ட்ராக்ட் எடுத்து பன்னி வளக்குறவங்க நிலைமை தான். ஷெட்டு அவங்களது, பேங்க் லோன் அவங்களது, உழைப்பு அவங்களது, ஆனா பன்னி மட்டும் கம்பெனியோடது. பணம் பன்னிய வச்சிருக்குற ஓனருக்குங்கிறதால முதல் ரவுண்ட்ல இவங்களுக்கு ஒரு டாலர் கூட இல்ல. பிளாண்ட் மூடினதால புது குட்டிங்க வரல, ஷெட்டு காலி, வருமானமும் நின்னு போச்சு. இவங்களையும் சேர்க்க 2020 டிசம்பர்ல தான் சட்டம் வந்துச்சு, அதுக்கான விதிமுறை முடிவானது 2021 ஆகஸ்ட்ல. அதுவரைக்கும் லோன் தவணை நிக்கல, பேங்க்ல டைம் கேக்குறதுக்கு வரவு செலவு கணக்கு போட்டு குடுங்கன்னு வந்தவங்களுக்கு நாங்க தான் போட்டு குடுத்தோம்.