கட்டைவிரல் அளவில் யுஎஸ்பி-சீரியல் அடாப்டர்: எந்த சிப், எந்தச் சுற்று?

கேள்வி: ஈஎஸ்பி32, ஏவிஆர் என்ற இரு வகை மைக்ரோகண்ட்ரோலர்களுக்கும் புரோகிராம் ஏற்றச் சிறிய யுஎஸ்பி-சீரியல் அடாப்டர் ஒன்றை நானே வடிவமைக்கிறேன். எதில் கவனம் வேண்டும்?

சிப்பின் அளவை அப்புறம் பாருங்கள். டிடிஆர், ஆர்டிஎஸ் (எதிரே உள்ள சிப்பை ரீசெட் செய்யவும் புரோகிராம் ஏற்றும் நிலைக்குக் கொண்டுபோகவும் கம்ப்யூட்டர் பயன்படுத்தும் லைன்கள்) இரண்டு கால்களும் அதில் இருக்கின்றனவா என்பதுதான் முதல் கேள்வி. சிஎச்340இ பத்தே கால்களோடு குட்டியாக இருக்கும், ஆனால் அதில் டிடிஆர் கிடையாது. ஈஎஸ்பி32-இல் ஒவ்வொரு முறையும் பூட் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டியதாகிவிடும். என் தேர்வு சிஎச்340சி. 16 கால்; கையாலேயே சால்டர் வைக்கலாம்; ஆசிலேட்டர் உள்ளேயே இருக்கிறது. சிஎச்340ஜி என்றால் வெளியே 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலும் இரண்டு கெபாசிட்டரும் வேண்டும், இடம் வீண்.

டைப்-சி சாக்கெட்டில் இணைப்பைக் கண்டறியும் கால்களான சிசி1, சிசி2 இரண்டுக்கும் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து கிரவுண்டில் சேருங்கள். விட்டுவிட்டால் ஏ-சி கேபிளில் வேலை செய்யும், சி-சி கேபிளில் கரண்டே வராது. இரண்டுக்கும் பொதுவாக ஒரே ரெசிஸ்டர் போட்டால் சில கேபிள்களில் மட்டும் மக்கர் செய்யும். காரணத்தைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. 5 வோல்ட் லைனில் 500 மில்லிஆம்பியர் பாலிஃபியூஸ் (தானே மீளும் ஃபியூஸ்) ஒன்று. அந்த லைனில் மொத்தக் கெபாசிட்டன்ஸ் 10 மைக்ரோஃபாரடைத் தாண்டக் கூடாது என்பது யுஎஸ்பி விதி.

அதிகம் தவறுவது வோல்டேஜில்தான். சிஎச்340சி-க்கு 5 வோல்ட் கொடுத்தால் டிஎக்ஸ் காலிலும் 5 வோல்ட் வரும், அது ஈஎஸ்பி32-க்கு ஆகாது. 3.3 வோல்ட்டில் ஓட்டும்போது வி3 காலை (சிப்பின் உள் 3.3 வோல்ட் சப்ளைக்கான கால்) சப்ளைக் காலான விசிசி-யோடு சேர்க்க வேண்டும். 5 வோல்ட்டில் ஓட்டும்போது அதே வி3-ஐப் பிரித்து, 100 நானோஃபாரட் வழியாக கிரவுண்டுக்கு மட்டும் விட வேண்டும். ஆகவே 3.3, 5 வோல்ட்டுக்கு இடையே மாற்றும் தேர்வு சுவிட்ச் இரட்டை முனையாக இருக்கட்டும்: ஒரு முனை விசிசி-யை மாற்ற, இன்னொன்று வி3-ஐச் சேர்க்கவும் பிரிக்கவும். ஒற்றை முனை சுவிட்ச் போட்டு வி3-ஐ நிரந்தரமாக விசிசி-யில் சேர்த்துவிட்டால், 5 வோல்ட்டுக்கு மாற்றியதும் சிப் கெட்டுப்போகலாம்.

3.3 வோல்ட்டுக்கு ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் வேண்டாம். அதற்கு ஒரு வோல்ட்டுக்கு மேல் டிராப்அவுட் உண்டு, அதாவது உள்ளே வரும் வோல்டேஜ் வெளியே தருவதைவிட அவ்வளவு அதிகமாக இருக்க வேண்டும். நீளமான கேபிளில் 5 வோல்ட் சரிந்தால், வைஃபை தொடங்கும் நொடியில் ஈஎஸ்பி32 பிரவுன்அவுட் (வோல்டேஜ் போதாமை) ஆகி ரீசெட் ஆகும். அதற்குப் பதில் ஏபி2112கே ரெகுலேட்டர் போடுங்கள்; 600 மில்லிஆம்பியர் தரும். ஐந்து கால்தான், சிறிய செராமிக் கெபாசிட்டரோடு நிலையாக ஓடும்.

இனி ஆட்டோ ரீசெட், அதாவது பட்டன் அழுத்தாமலே ஈஎஸ்பி32-ஐப் புரோகிராம் ஏற்றும் நிலைக்குக் கொண்டுபோகும் சுற்று. இரண்டு என்பிஎன் டிரான்சிஸ்டர். முதலாவதின் பேஸ் 10 கிலோ ஓம் வழியாக டிடிஆர்-இல், எமிட்டர் ஆர்டிஎஸ்-இல், கலெக்டர் ஈஎஸ்பி32-இன் ஈஎன் (ரீசெட்) காலில். இரண்டாவது நேர்மாறு: பேஸ் ஆர்டிஎஸ்-இல், எமிட்டர் டிடிஆர்-இல், கலெக்டர் ஐஓ0-இல் (பூட் பட்டன் இருக்கும் கால்). இப்படிக் குறுக்காகப் போடக் காரணம், சீரியல் மானிட்டரைத் திறக்கும்போது பெரும்பாலும் இரண்டு லைனும் ஒன்றாகவே லோ ஆகும். நேரடியாக இணைத்திருந்தால் சிப் ரீசெட்டிலேயே கிடக்கும். இந்தச் சுற்றில் இரண்டும் ஒரே நிலையில் இருந்தால் எதுவும் நடக்காது. ஈஎன் காலில் 10 கிலோ ஓம் புல்அப்பும் கிரவுண்டுக்கு 1 மைக்ரோஃபாரடும் அவசியம். அந்தக் கெபாசிட்டர் இல்லாவிட்டால் ஐஓ0 லோ ஆகும் முன்பே சிப் எழுந்துவிடும்; சில நேரம் மட்டும் 'கனெக்ட் ஆகவில்லை' என்று பிழை வரும்.

ஏவிஆர்-க்கு இவ்வளவு தேவையில்லை: டிடிஆர்-இலிருந்து தொடராக 100 நானோஃபாரட் வைத்து ரீசெட் காலுக்கு, அங்கே 10 கிலோ ஓம் புல்அப். அதனால் ஹெடரில் டிடிஆர்-ஐத் தனியாகவும் வெளியே எடுங்கள்.

டிஎக்ஸ் லைனில் தொடராக 470 ஓம் வையுங்கள். எதிர்முனையில் இணைத்த போர்டுக்கு கரண்ட் இல்லாத நேரத்தில் சிக்னல் லைன் வழியாகவே அது அரைகுறையாக உயிர்பெறுவதை இது குறைக்கும்.

போர்டு தயாரானதும் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் இரண்டையும் ஷார்ட் செய்து, தட்டும் எழுத்து திரும்பி வருகிறதா பாருங்கள். திரும்பி வந்தும் 8 மெகாஹெர்ட்ஸ் ஏவிஆர் குப்பை எழுத்துகளைக் காட்டினால் உங்கள் அடாப்டரில் குற்றமில்லை: அந்தக் கிளாக்கில் 115200 பாட் வேகத்துக்கு ஏறத்தாழ 3.5 சதவீதப் பிழை வரும். 57600-க்கு மாற்றினால் பிழை 2.1 சதவீதமாகக் குறையும்.