கன்சர்வேஷன் பயாலஜியும் சஸ்டெயினபிள் டெவலப்மென்ட்டும் சேர்ந்த மாஸ்டர்ஸ் படிக்கலாமா?

விலங்கியல் டிகிரி முடிச்சிட்டு இதுல சேரலாமா, முழுக்க விலங்குகள பத்தின படிப்புதானேன்னு கேட்டிருக்கீங்க. படிச்சு முடிச்சவளா சொல்றேன், தாராளமா சேருங்க, ஆனா பாதிக்கு மேல மனுஷங்கள பத்தின படிப்புன்னு தெரிஞ்சுகிட்டு சேருங்க.

எனக்கு பறவைன்னா உசுரு, அதுக்காகத்தான் போனேன். மொத செமஸ்டர்லயே ஸ்டாட்டிஸ்டிக்ஸ், ஆர் (R)ங்கிற ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சாஃப்ட்வேர்ல கோடிங், பொருளாதாரம், ஜனங்க கிட்ட பேட்டி எடுக்குறது எப்படின்னு ஒரு பேப்பர், இதெல்லாம் எதுக்குன்னு கடுப்பா இருந்துச்சு. ஃபீல்டுக்கு போனப்பதான் புரிஞ்சுது. ஒரு ஏரிக்கு பத்து தடவ போயும் ஒரு பறவைய பாக்கலன்னா அது அங்க இல்லன்னு சொல்லிட முடியாது, இருந்தும் நம்ம கண்ணுல படாம போயிருக்கலாம், அந்த ரெண்டையும் பிரிச்சு பாக்கத்தான் ஆக்குபன்சி மாடல், ஒரே எடத்துக்கு திரும்ப திரும்ப போய் பாத்து, கண்ணுல படுறதுக்கான வாய்ப்ப தனியா கணக்கு போடுறது.

சரி, பறவை குறையுதுன்னு தெரிஞ்சுது, ஏன் குறையுது? அத எனக்கு சொன்னது கரையில வலை காய வச்சிட்டிருந்த ஒரு பெரியவர். மதகு தெறக்குற மாசத்த மாத்திட்டாங்க, கூடு கட்டுற நேரத்துல தண்ணி ஏறி முட்டையெல்லாம் போயிடுதுன்னாரு. தண்ணி எப்ப யாருக்கு விடணும்ங்கிறத பயாலஜி படிச்ச நான் மட்டும் முடிவு பண்ண முடியுமா? விவசாயி, மீனவர், அதிகாரி எல்லாரும் உக்காந்து பேசணும். இந்த மாதிரி பொதுவான தண்ணி, காடு, மீன் இதையெல்லாம் அத நம்பி வாழுற ஜனங்களே விதி போட்டு காப்பாத்திக்க முடியும்னு காட்டினதுக்குத்தான் எலினார் ஆஸ்ட்ராமுக்கு 2009ல பொருளாதார நோபல் கெடச்சுது, அவங்க எழுதினத சேர்றதுக்கு முன்னாடியே கொஞ்சம் படிச்சிடுங்க.

காலேஜ் பேர விட கைடு முக்கியம். அவர்கிட்ட இப்ப படிக்கிறவங்களுக்கு நேரா மெயில் போட்டு, ஃபீல்டு செலவு யார் தர்றாங்க, தீசிஸ் முடிக்க எவ்வளவு நாள் ஆகுது, முடிச்சவங்க இப்ப எங்க வேலை பாக்குறாங்கன்னு கேளுங்க. ஜிஐஎஸ், அதாவது எடம் சார்ந்த தகவல கம்ப்யூட்டர்ல மேப்பா போட்டு அலசுறது, அத கத்துக்கிட்டா வேலைக்கு ரொம்ப உதவும்.

அட்மிஷனுக்கு இன்னும் நாள் இருந்தா ஆர் எறக்கி வச்சுக்கோங்க, ஜனங்க பாத்த பறவைகள பதிவு பண்ற ஈபேர்ட் வெப்சைட்ல உங்களுக்கு புடிச்ச ஒரு பறவையோட டேட்டாவ கேட்டு வாங்கி மாசவாரியா ஒரு கிராஃப் போட்டு பாருங்க, ரெண்டுமே இலவசம்தான். அந்த வேலையில நேரம் போனதே தெரியலன்னா யோசிக்காம அப்ளை பண்ணுங்க.