கலெக்டர் மனுவை யார் படிக்கிறார்?

கேள்வி: அப்பா காலமான பிறகு பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்து எட்டு மாதம் ஆகிறது. திங்கட்கிழமை கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகிறேன். ஆங்கிலத்தில் காட்டமாக எழுதினால்தான் எடுபடும் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: தமிழிலேயே எழுதுங்கள். குறை தீர்க்கக் கோரும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350-வது பிரிவு சொல்கிறது. ஆங்கிலத்துக்குத் தனி மரியாதை எதுவும் கிடையாது.

காட்டத்துக்கு வருவோம். மேலே 'மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு' என்று எழுதினாலும் அவர் பார்ப்பது சில நொடிதான். மனு தாசில்தாருக்குப் போய், கடைசியில் நீங்கள் யாரைக் குறை சொன்னீர்களோ அதே வி.ஏ.ஓ., சர்வேயர் கைக்கே வரும். தன்மேல் வந்த புகாருக்குத் தானே அறிக்கை எழுதுவார். இத்தனை வருடம் வருவாய்த்துறையில் இருந்தும் இந்த ஏற்பாடு எனக்கு விளங்கியதில்லை. ஆனாலும் படிக்கப் போகிறவர் அவர்தான், அவருக்காக எழுதுங்கள். "ஏழைகளை வதைக்கும் அலட்சிய அதிகாரிகளால்..." என்று ஆரம்பித்தால், எந்த நிலம் என்று தேடுவதற்குள் அவர் அடுத்த மனுக் கட்டுக்குப் போய்விடுவார்.

"இன்ன கிராமம், சர்வே எண் இது. இன்ன தேதியில் விண்ணப்பித்தேன், மனு எண் இது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இணைத்துள்ளேன். பட்டா மாற்றித் தரவும். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரவும்." அரைப் பக்கம் போதும். 'ஐயா' ஒரு தடவை போதும்.

வாசலில் மேசை போட்டு மனு எழுதித் தருபவர்களில் நல்லவர்களும் உண்டு. ஆனால் சிலர் 'பாதம் பணிந்து' என்று நாலு பக்கம் நீட்டிக் காசு வாங்குவார்கள். அதைவிட மோசம், "குடும்பத்தோடு தீக்குளிப்பேன்னு ஒரு வரி போட்டுக்கோங்க, உடனே முடியும்" என்பது. போடவே போடாதீர்கள். போலீஸ்தான் வரும், பட்டா அப்படியே கிடக்கும்.

ஒரே ஒரு விலக்கு. யாராவது லஞ்சம் கேட்டிருந்தால் அடக்கி வாசிக்க வேண்டாம். ஆனால் அதை இந்த மனுவில் நுழைக்காதீர்கள். நுழைத்தால் அதற்கும் அவரே பதில் எழுதுவார். யார், எந்த நாள், எங்கே, எவ்வளவு கேட்டார் என்பதைத் தனித்தாளில் எழுதி லஞ்ச ஒழிப்புத்துறைக்குக் கொடுங்கள். பணத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் போகாதீர்கள். கொடுப்பதற்கு முன்பே போங்கள். "எல்லாரும் லஞ்சப் பேய்கள்" என்பது புகாராகாது. "செவ்வாய்க்கிழமை டீக்கடையில் 5,000 கேட்டார்" என்பது புகார்.

மனுவுக்குப் பதில் வரவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அங்கே கெஞ்சலும் வேண்டாம், கோபமும் வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டியதில்லை. "ஏன் தாமதம்?" என்றால் 'விளக்கம் கேட்பது தகவல் ஆகாது' என்று தட்டிவிடுவார்கள். "என் மனுமீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் தரவும்" என்று கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், கெடு 30 நாள். திங்கட்கிழமை மனு எண் போட்ட ரசீதை வாங்காமல் மட்டும் வரிசையை விட்டு நகராதீர்கள்.