ஜெர்மனியில் ப்ளூ கார்டில் (உயர்தகுதி பெற்ற வெளிநாட்டவருக்கான ஐரோப்பிய ஒன்றிய வேலை அனுமதி) வேலை பார்ப்பவர் நிரந்தர வதிவிட அனுமதிக்கு எப்போது விண்ணப்பிக்கலாம்? எங்கே சிக்கல் வரும்?

ஜெர்மன் மொழியில் பி1 (இடைநிலை) சான்றிதழ் இருந்தால் 21 மாதம், ஏ1 (தொடக்கநிலை) மட்டும் என்றால் 27 மாதம். இது பலருக்கும் தெரியும். எந்த மாதங்களை எண்ணுவது என்பதில்தான் தவறிவிடுகிறார்கள். விமானம் இறங்கிய தேதியிலிருந்து எண்ணக்கூடாது. ப்ளூ கார்டுக்குரிய வேலையில் இருந்துகொண்டு ஓய்வூதியக் காப்பீட்டுக்குப் பணம் கட்டிய மாதங்களைத்தான் எண்ண வேண்டும். கார்டு கைக்கு வருவதற்கு முன், அதே வேலைக்கான தேசிய விசாவில் வேலை பார்த்த மாதங்களும் சேரும். அவற்றை விட்டுவிடாதீர்கள்.

இதற்கு ஆதாரம் ஓய்வூதியக் காப்பீட்டு நிறுவனம் தரும் 'ஃபெர்ஸிஷெருங்ஸ்ஃபெர்லவுஃப்' என்ற கணக்குத் தாள். ஆன்லைனில் கேட்கலாம், கட்டணம் இல்லை. ஆனால் ஓராண்டுக்கான விவரத்தைக் கம்பெனி அடுத்த ஆண்டு பிப்ரவரி நடுப்பகுதிக்குள் அனுப்பினால் போதும். ஆகவே நடப்பு ஆண்டு மாதங்கள் பொதுவாக அந்தத் தாளில் இருக்காது. 2024 ஜனவரியில் சேர்ந்தவருக்கு 2025 செப்டம்பரோடு 21 மாதம் நிறைகிறது; தாளிலோ 12 மாதம்தான் தெரியும். 'மாதம் போதவில்லை' என்று வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து பதில் வருவதற்கு இதுவே காரணமாகிவிடும். நடப்பு ஆண்டின் சம்பளச் சீட்டுகளை ஒன்று விடாமல் இணைத்து, ஓய்வூதியப் பிடித்தம் அவற்றில் இருப்பதைக் கடிதத்தில் ஒரு வரி எழுதிக் காட்டுங்கள்.

மாதங்கள் நிறையும் நேரத்தில் வேலை மாறாமல் இருப்பது நல்லது. புதிய இடத்தில் ப்ரொபேஷன் பெரும்பாலும் 6 மாதம். அது முடியும்வரை பல அலுவலகங்கள் முடிவெடுக்காது.

ஜெர்மனியின் சட்டம், சமூகம் பற்றிய 'லேபன் இன் டாய்ச்லாண்ட்' தேர்வை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். 60 நிமிடத்தில் 33 கேள்விகள். 15 சரியானால் தேர்ச்சி. 17 எடுத்தால் பின்னாளில் குடியுரிமைக்கும் அதே சான்றிதழ் உதவும். கேள்விகள் எல்லாம் வெளியிடப்பட்டவைதான்: பொதுவானவை 300, உங்கள் மாநிலத்துக்கு 10. படிப்பதைவிட இடம் கிடைப்பதும் சான்றிதழ் வந்து சேர்வதும்தான் நாளாகும். நான்கைந்து மாதம் முன்பே பதிவு செய்தால் நிம்மதி.

மற்றவை வழக்கமான தாள்கள்: பாஸ்போர்ட், வேலை ஒப்பந்தம், கம்பெனியிடமிருந்து புதிதாக வாங்கிய பணிச் சான்று, மருத்துவக் காப்பீட்டுச் சான்று, வாடகை ஒப்பந்தம். வீட்டின் பரப்பையும் பார்ப்பார்கள். 6 வயதுக்கு மேற்பட்டவருக்குத் தலைக்கு 12 சதுர மீட்டர், அதற்குக் கீழே 10 என்பது பொதுவான அளவுகோல். கட்டணம் 113 யூரோ.

கையிலிருக்கும் கார்டு காலாவதியாகும் முன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முடிவு தாமதமானால் இடைக்காலச் சான்று கேளுங்கள். அதில் ஜெர்மன் வதிவிடச் சட்டத்தின் 81ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு குறிக்கப்பட்டிருந்தால்தான் வெளிநாடு போய்த் திரும்ப முடியும். ஊருக்கு டிக்கெட் போடும் முன் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

பெற்றோரைப் பார்த்துக்கொள்ள நீண்ட நாள் ஊரில் தங்க நேரும் என்றால் இன்னொன்று. ப்ளூ கார்டில் இருக்கும்போது 12 மாதம்வரை வெளியே இருக்கலாம். நிரந்தர அனுமதி வாங்கியபின், முன்கூட்டி ஒப்புதல் பெறாமல் 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அது ரத்தாகிவிடும். அப்படிப்பட்டவர்கள் 5 ஆண்டு நிறைந்ததும் 'டவர்ஆவ்ஃபென்ட்ஹால்ட் ஈயூ' என்ற ஐரோப்பிய நீண்டகால அனுமதிக்கும் விண்ணப்பிப்பது நல்லது. ப்ளூ கார்டில் இருந்து அதற்கு வந்தவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே 24 மாதம்வரை அவகாசம் உண்டு.